வீட்டில் வாட்டர் ஃபில்டர் மாட்டுவது: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஃபில்டர் மிஷின் விற்பதில்லை. அதற்கு வேண்டிய வால்வு, டியூப், கேண்டில் (தண்ணீரை வடிகட்டும் உருளை), டெஃப்லான் டேப் எல்லாம் விற்கிறேன். அதனால் நீங்கள் எந்தக் கம்பெனி மிஷின் வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். கல்லாவில் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணமெல்லாம் சென்னைப் புறநகர் வீடுதான்: கீழே சம்ப், மாடியில் டேங்க், போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் (சென்னைக் குடிநீர் வாரியம் தருவது) கலந்து வரும் குழாய்.

எந்த ஃபில்டர் வாங்கலாம்?

உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். இதைத் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிறது, அதையே நானும் வாங்குகிறேன் என்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டு போர் அறுபது அடி, அடுத்த வீட்டு போர் இருநூறு அடி என்றால் இரண்டு தண்ணீரும் வேறு வேறு.

சுருக்கமாகச் சொன்னால் தண்ணீரில் மூன்று விதப் பிரச்சினை உண்டு. மண், துரு மாதிரி கண்ணுக்குத் தெரியும் அழுக்கு ஒன்று. கிருமி இரண்டாவது. கரைந்திருக்கும் உப்பு மூன்றாவது. அழுக்குக்குச் சாதாரண கேண்டில் போதும். கிருமிக்கு யு.வி. (புற ஊதா விளக்கு) அல்லது யு.எஃப். (நுண்துளைச் சவ்வு) போதும். உப்புக்கு மட்டும்தான் ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் மிஷின்) வேண்டும். உப்பே இல்லாத தண்ணீருக்கு ஆர்.ஓ. வைப்பது பணத்துக்கும் தண்ணீருக்கும் கேடு. சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவை வீட்டுக்குக்கூட ஆர்.ஓ. வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன சொல்ல!

டி.டி.எஸ். எவ்வளவு இருந்தால் ஆர்.ஓ. தேவை?

டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, மில்லிகிராமில். பேனா சைஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிஷின் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) 500 வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. என் கணக்கு இதுதான்: 300க்குக் கீழே ஆர்.ஓ. வேண்டாம். 300 முதல் 500 வரை, நாக்குக்குப் பிடித்தால் வேண்டாம். 500க்கு மேல் வாங்கலாம். 2000ஐத் தாண்டினால் வீட்டு மிஷின் திணறும். பெரும்பாலான மிஷின்களின் லேபிளிலேயே எவ்வளவு வரை தாங்கும் என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். 500க்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது. தண்ணீர் அந்த அளவுக்கு வீணாகிறது.

ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மெட்ரோ தண்ணீர் வந்த அன்று சம்பில் ஒரு அளவு காட்டும், போர் மட்டும் ஓடிய அன்று வேறு காட்டும். கார்த்திகை மழையில் 600 காட்டிய போர் சித்திரை வெயிலில் அதைவிட நிறையவே காட்டலாம். மோசமான நாளின் அளவை வைத்துத்தான் மிஷின் வாங்க வேண்டும்.

மீட்டரில் 200தான் காட்டுகிறது. அப்படியென்றால் நல்ல தண்ணீர்தானே?

உப்பு குறைவு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மீட்டர் செய்வது ஒரே வேலை: தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. சாக்கடை லேசாகக் கலந்த தண்ணீரும் 250 காட்டலாம். ஃபுளோரைடு, நைட்ரேட் எவ்வளவு என்றும் தனியாகச் சொல்லாது. ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கூடாது. அந்தச் சின்ன அளவு டி.டி.எஸ். எண்ணில் எங்கே தெரியப் போகிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் மஞ்சள் கட்டுவதற்குக் காரணம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான்.

புது போர் போட்டவர்கள் ஒரு தடவையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுக்க வேண்டும் என்பார்கள். எப்படி எடுப்பது என்று முதலில் கேட்டுக்கொண்டு பிறகு எடுங்கள்.

வீட்டுக்கு வந்த ஒருவர் எங்கள் தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினார். சேறு மாதிரி ஆகிவிட்டது. இதையா குடித்துக்கொண்டிருந்தோம்?

இந்த வித்தையில் மயங்கியவர்கள் ஏராளம். என் மாமியாரும் அதில் ஒருவர். இரண்டு டம்ளர் வைப்பார்கள்: ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, கடைசியில் கறுப்பாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருக்கும்.

அந்தச் சேறு வந்தது கம்பியிலிருந்து. கம்பிகளில் இரும்பு இருக்கிறது. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை யாராவது வந்தால் அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, இப்போது காட்டுங்கள் என்று சொல்லுங்கள். அதுவும் சேறாகும். ஆள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சமையலறையில் எந்த இடத்தில் மாட்டுவது?

சிங்க் பக்கத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத சுவரில். டேங்க் கண்ணாடி மாதிரி இருக்கும் மிஷினில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்து கேபினெட் பிசுபிசுக்கும்.

பிளக் பாயின்ட் எட்ட வேண்டும், ஆனால் மிஷினுக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் எங்காவது ஒழுகும், அந்தத் தண்ணீர் பிளக்கில் இறங்கும். எர்த் இருக்கிற பாயின்ட்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் உயரம் வீட்டில் குள்ளமானவருக்கு எட்டும்படி இருக்கட்டும். எட்டு லிட்டர் மிஷின் நிரம்பினால் பதினைந்து கிலோவுக்கு மேல் வரும், அதனால் ஜிப்சம் பலகைத் தடுப்பில் மாட்ட நினைக்காதீர்கள்.

நானே மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டலாம். ஆனால் வாரன்டி வேண்டுமென்றால் கம்பெனி ஆள்தான் வந்து மாட்ட வேண்டும் என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைக்கின்றன. அதை முதலில் பாருங்கள். அவர்களே இலவசமாக மாட்டித் தருகிறார்கள் என்றால் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கவனியுங்கள். கழற்றி வேறு இடத்தில் மாட்டும்போது உதவும்.

சாமான் அதிகமில்லை. அரை இஞ்ச் இன்லெட் வால்வு ஒன்று, கால் இஞ்ச் டியூப் ஐந்தாறு மீட்டர், வெளியே மாட்டும் பிரீ ஃபில்டர் பௌல், உள்ளே போடும் ஸ்பன் கேண்டில், டெஃப்லான் டேப் இரண்டு. மிஷின் பெட்டியிலேயே பாதி இருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

மாடியில் சமையலறை லைனின் கேட் வால்வை மூடுங்கள். சிங்க் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் இன்லெட் வால்வைத் திருகி, அதன் முகத்தில் பழைய குழாயை மாட்டிவிடலாம். மரையில் டெஃப்லான் டேப்பைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் மரையாக இருந்தால் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரில் ஒரு கால் சுற்று போதும். அதற்கு மேல் வீரம் காட்டினால் விரிசல் விழும், அன்று தெரியாது, ஒரு வாரம் கழித்து நடு ராத்திரியில் தெரியும்.

பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்ட வீடு என்றால் குழாயில் கை வைக்காதீர்கள். துருப்பிடித்த நிப்பிள் (இணைக்கும் குட்டைக் குழாய்) சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். என் கடைக்கு வரும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்படி முறித்துக்கொண்டு, டைல்ஸை உடைத்து, மறுநாள் வரை அந்த வீட்டில் சமையல் இல்லை. இந்த ஒரு வேலைக்கு பிளம்பரைக் கூப்பிடுங்கள், மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

வால்விலிருந்து டியூப் முதலில் வெளி பௌலுக்குப் போக வேண்டும், அங்கிருந்துதான் மிஷினுக்கு. பௌலின் மூடியில் எது உள்ளே, எது வெளியே என்று அம்புக்குறி இருக்கும். நிறையப் பேர் இதை மாற்றி மாட்டிவிடுகிறார்கள். டியூப்பை பிளேடால் நேராக வெட்டுங்கள், சாய்வாக வெட்டினால் கசியும். கனெக்டரில் தள்ளும்போது ஒரு தடை வரும், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பிறகு வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. எல்லாம் மாட்டியதும் உடனே கரண்ட் போடாதீர்கள். தண்ணீரை மட்டும் திறந்து, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் சுவிட்சைப் போடலாம்.

டைல்ஸ் விரியாமல் எப்படி ஓட்டை போடுவது?

ஓட்டை வரும் இடத்தில் பேப்பர் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டிரில்லில் டைல்ஸ் பிட் போட்டு, இடித்துத் துளைக்கும் ஹேமரை ஆஃப் செய்து, மெதுவாகப் போடுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகு சுவர் பிட்டுக்கு மாறி ஹேமர் போடலாம். குழாய்க்கும் சுவிட்ச் பாக்ஸுக்கும் நேர் மேலே, நேர் கீழே ஓட்டை போடாதீர்கள். சுவருக்குள் பைப்பும் ஒயரும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

நாங்கள் மேல்மாடியில் இருக்கிறோம். மிஷின் சத்தம் போடுகிறது, டேங்க் நிரம்புவதே இல்லை.

டேங்க் உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதுதான் காரணம். பத்தடி உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். மேல்மாடி சமையலறைக்கு அதுவும் தேறாது. மிஷினுக்குள் இருக்கும் 24 வோல்ட் பம்புக்குப் பின்னாலிருந்து தண்ணீர் ஓரளவு தள்ளிக் கொடுத்தால்தான் ஓடும். வறண்டு ஓடினால் கரகரவென்று சத்தம் வரும், சீக்கிரம் போய்விடும். டேங்கைக் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைக்கலாம். முடியாவிட்டால் குறைந்த அழுத்தத்துக்கென்று பம்ப் வைத்த மிஷினாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் வெளி பௌலின் கேண்டிலைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் ஐந்து கேஸ் கேண்டில் அடைப்புதான்.

பத்து மாடி அபார்ட்மென்டில் கீழ்த் தளத்தில் இருப்பவர்களுக்கு நேரெதிர்: அழுத்தம் அதிகமாகி பௌல் வெடிக்கும். பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள்.

இவ்வளவு தண்ணீர் வெளியே போகிறதே, அந்தக் குழாயை அடைத்துவிட்டால் என்ன?

மெம்பரேன் போய்விடும். ஒருவர் அப்படித்தான் டியூப்பில் கிளிப் மாட்டி, தண்ணீரை மிச்சம் பிடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். இரண்டே மாதத்தில் புது மெம்பரேன் வாங்கினார்.

மெம்பரேன் என்பது உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு. தடுக்கப்பட்ட உப்பை அடித்துக்கொண்டு போக ஒரு ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அது சவ்விலேயே படிந்து கல்லாகும். கடைக்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: இந்தச் சவ்வை நடைமுறைக்கு ஏற்றபடி முதலில் செய்தவர்கள் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இரண்டு பேர், 1960 வாக்கில், கலிஃபோர்னியாவில். 

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போவது வீட்டு மிஷின்களில் வழக்கம். அதை விஷம் மாதிரி பார்க்கிறார்கள். உள்ளே போகும் தண்ணீர் 1000 என்றால் வெளியே வருவது 1300, 1400 இருக்கும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் உப்பு. டியூப்பை ஒரு டிரம்மில் விடுங்கள். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ, பாத்திரம் முதல் அலசு அலச தாராளமாகப் போகும். கறிவேப்பிலைச் செடிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம், மண்ணில் உப்பு ஏறும்.

தண்ணீர் சப்பென்று இருக்கிறது. டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திருகி ஏற்றலாமா?

அந்தத் திருகு செய்வது என்ன தெரியுமா? மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான தண்ணீரில் கலக்கிறது. உங்கள் தண்ணீரில் உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் தப்பில்லை. மீட்டரை வைத்துக்கொண்டு நூறுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இருக்கிற தண்ணீர் என்றால் தொடவே தொடாதீர்கள். எதைத் தடுக்க மிஷின் வாங்கினீர்களோ அதையே பின் வாசல் வழியாக உள்ளே விட்டது மாதிரி ஆகும்.

மாட்டிய அன்றே குடிக்கலாமா?

முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கார்பன் தூள் கறுப்பாக வரும், புது மெம்பரேனில் கெடாமலிருக்கப் போட்ட மருந்தும் வரும். மூன்றாவது டேங்கில் மீட்டரை விட்டுப் பாருங்கள். உள்ளே 1000 போனால் வெளியே நூறுக்குள் வர வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் மிஷின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள்.

கேண்டில், மெம்பரேன் எல்லாம் எப்போது மாற்றுவது? சர்வீஸ் ஆள் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்.

வெளி பௌலில் இருக்கும் ஸ்பன் கேண்டில்தான் காவல்காரன். விலை குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இல்லாவிட்டால் செம்மண் நிறம் ஆனதும் மாற்றுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் ஒரே மாதத்தில் நிறம் மாறும். இதை ஒழுங்காக மாற்றினாலே உள்ளே இருப்பவை நீண்ட நாள் வரும்.

உள்ளே இருக்கும் செடிமென்ட் (மண் பிடிப்பது), கார்பன் ஃபில்டர்களுக்கு வருடம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். கார்பனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும், அதைப் பிடிப்பது கார்பன். அது தீர்ந்தால் குளோரின் நேராக மெம்பரேனில் பட்டு அதை அரித்துவிடும்.

மெம்பரேனுக்கு நாள் கணக்கு வேண்டாம், மீட்டர் கணக்குப் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் வரும், கடினத் தண்ணீரில் அதற்குள்ளேயும் போகும். ஒட்டி வைத்த எண் 80 ஆக இருந்து இப்போது 250 ஆகிவிட்டது, உள்ளே போகும் தண்ணீர் அதே 1000தான் என்றால் மாற்றுங்கள். இன்னும் 90தான் காட்டுகிறது என்றால் சர்வீஸ் ஆளிடம் மீட்டரைக் காட்டி, தம்பி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து அடுத்த வீட்டில் புதுசு என்று போட்டுவிடும் ஆட்களும் உண்டு.

மிஷின் ஆஃப். ஆனாலும் வெளித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

சாலினாய்டு வால்வில் தூசி மாட்டியிருக்கும். கரண்ட் இல்லாதபோது தண்ணீரை நிறுத்துவது அதன் வேலை. மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. அதுவரை ராத்திரி இன்லெட் வால்வை மூடி வையுங்கள்.

வாடகை வீடு. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார்.

மேடையில் வைக்கும் மாடலோ இரும்பு ஸ்டாண்டோ வாங்குங்கள். குழாயில் வால்வு மாட்டுவதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காலி செய்யும்போது பழைய குழாயை அப்படியே மாட்டிக் கொடுத்துவிடலாம். டி.டி.எஸ். குறைந்த இடமென்றால் கரண்டே வேண்டாத யு.எஃப். ஃபில்டர் போதும், மேலே ஊற்றினால் கீழே வரும்.

பாத்ரூமிலும் உப்புப் படிகிறது. ஆர்.ஓ.வே பெரிதாகப் போட்டுவிடலாமா?

அதற்கு சாஃப்ட்னர் இருக்கிறது. கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். குழாயில் வெள்ளை படியாது, சோப்பு நுரைக்கும். ஆனால் டி.டி.எஸ். குறையாது, குடிக்க அது இல்லை.

ஃபில்டர் தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா?

யு.வி. விளக்கு எரிகிறது, டேங்க் சுத்தமாக இருக்கிறது என்றால் தேவையில்லை. கைக்குழந்தையோ உடம்பு முடியாதவரோ வீட்டில் இருந்தால் காய்ச்சுங்கள், தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆகட்டும். காய்ச்சினால் உப்பும் ஃபுளோரைடும் போகும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் சுண்டும்போது அவை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா?

டேங்கைக் காலி செய்து, இன்லெட் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். மிஷினுக்குள் இருக்கும் தண்ணீரில் குளோரின் கிடையாது, தேங்கினால் கிருமி வளரும். திரும்பி வந்ததும் முதல் டேங்கை வீடு துடைக்க எடுத்துக்கொண்டு, இரண்டாவது டேங்கிலிருந்து குடியுங்கள். கொலு, பொங்கல் என்று ஊருக்குப் போய் வந்தவர்கள் முதல் நாளே பிடித்துக் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை, எந்த கேண்டில் மாற்ற வேண்டும் என்று வந்து நிற்பார்கள்.